ஆறு நாற்காலிகள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? என்னைத் திருப்பிக் கேட்காதே. போனில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தடவை உன் நம்பரை அழுத்தினேன், ஒவ்வொரு தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எழுதினால் அழுதாலும் உனக்குக் கேட்காது.

நேற்றுப் பகல் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளை மெஷினில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாலு படிக்கிற பள்ளியிலிருந்து போன். “உங்க பொண்ணு கீழ விழுந்துட்டா, வந்து கூட்டிட்டுப் போங்க.” ஈரக் கையோடு ஓடினேன். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்பல் பாதி இல்லை. மேலுதடு கிழிந்து, சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். கையைப் பிடித்ததும் வீலென்று கத்தினாள். சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. கீழே விழுந்த பிள்ளைக்கு இரண்டு கையிலும் ஒரே அளவில் எப்படித் தோல் உரியும்?

வீட்டுக்கு வந்தும் அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது கேளாத பிள்ளை கையை மறைத்தால் அது வாயைத் தைத்துக்கொண்ட மாதிரிதானே. சாயங்காலம் தானாகவே எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடி மேல் கைகளை நீட்டி வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருந்தாள். எனக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. கட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை போய் வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “கை பேசினா வாய் பேசாதும்மா. பேச்சுப் பயிற்சி நேரத்துல மட்டும் கையை ஓய்வா வைக்கிறோம். சேர்க்கும்போது நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றாள். போட்டேன்தான். அன்றைக்குப் பதினாறு இடத்தில் போட்டேன், எதைப் படித்தேன்? அவள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கையைப் பிடித்து எங்கள் உருளைக்குள் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வக்கீலம்மாவின் நம்பர் கொடுத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் வழக்குகளை மட்டும் எடுத்து நடத்துகிறவராம். நாளை பார்க்கப் போகிறேன். உன் மச்சான் இருந்திருந்தால் இந்நேரம் பள்ளியில் ஒரு ஜன்னல் மிஞ்சியிருக்காது. அவர் போய் மூன்று வருஷம். எனக்கு நீ ஒருவன்தான்.

உன் அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் கையிலிருந்த சுத்தியலை எங்கே எறிந்தேன் என்று தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர் வெளியே ஓடிவிட்டார்.

அக்கா, நான் சொல்வதைக் கேள். பிள்ளையை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிடு. இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். பட்டறைக்கு மேலே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. வழக்கு மட்டும் வேண்டாம். வழக்கு என்று படியேறியவர்கள் செருப்புத் தேய்ந்து இறங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். நீ விரிப்பு மடிக்கிறவள், அவர்கள் பள்ளி நடத்துகிறவர்கள். யார் பேச்சு எடுபடும்?

பல்லுக்கு உடனே டாக்டரிடம் காட்டு. புண்ணில் தண்ணீர் பட விடாதே.

ஒன்று மட்டும் எழுது. அந்த நாற்காலியை நீ கண்ணால் பார்த்தாயா? மரமா, இரும்பா?

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

மரம். பார்த்தேன்.

பிள்ளை படிக்கிற வகுப்பறையைப் பார்க்கப் பெற்றவளுக்கு உரிமை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, வக்கீலம்மா என்னை நேற்று உள்ளே அழைத்துப் போனார். ஆறு பிள்ளைகள், ஆறு நாற்காலிகள். நல்ல கெட்டி மரம், கால்கள் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கின்றன. கைப்பிடியில் கையைக் கட்டுகிற பட்டை நுழைய இரண்டு துளை. கைப்பிடி நுனியில் கை வைத்தேன். வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நுனியை வெளியே கொஞ்சமாக உருட்டி, உள்பக்கம் ஒரு சின்னக் குழிவு. நம் வீட்டு நாற்காலியில் தினமும் என் கை அந்தக் குழிவில்தான் இருக்கிறது. உன்னைத் தவிர அப்படி யாரும் உருட்டுவதில்லை.

சேர்க்கை அன்று தலைமையாசிரியை “நல்ல தச்சர் யாராவது தெரியுமா?” என்று கேட்டபோது, “என் தம்பி இருக்கான், அவன் செஞ்சா காலத்துக்கும் ஆடாது” என்று பெருமையாகச் சொன்னது நான்தான். ஆடவில்லை, தம்பி. ஒன்பது வயதுப் பிள்ளை பல் உடையும்வரை ஆட்டியும் ஆடவில்லை.

எதற்கென்று தெரிந்து செய்தாயா? அதற்கு மட்டும் பதில் எழுது.

வழக்கு போட்டாயிற்று. எந்தப் பள்ளிக்கும் எந்தப் பிள்ளையையும் கட்டி வைக்க அதிகாரம் கிடையாதாம். பெற்றவள் ஆயிரம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாதாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கட்டவே இல்லை, அவை சாதாரண நாற்காலிகள் என்று பள்ளி எழுதிக் கொடுத்திருக்கிறது. பதினாறாம் தேதி விசாரணை அதிகாரி வந்து ஆறையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். அவைதான் நம் சாட்சி. அதுவரை நீ வாயைத் திறக்காதே.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

இதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் கொடுத்தவர் நல்ல மனிதர். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், வலது கையில் இரண்டு விரல் வீங்கியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. பதின்மூன்றாம் தேதி கோடரியோடு பஸ் ஏறினேன். சாக்கில் சுற்றியிருந்ததால் யாரும் கேட்கவில்லை. பள்ளி வாசலில் காவலாளி குறுக்கே வந்தார். “யாருய்யா நீ, சாக்குல என்ன?” என்று கையைப் பிடித்தார். தள்ளினேன். படியில் விழுந்தார், எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. நிற்கவில்லை.

வகுப்பில் அன்றைக்கும் ஒரு பையனைக் கட்டி வைத்திருந்தார்கள், அக்கா. வழக்குப் போட்ட பிறகும். ஏழு வயது இருக்கும். முகமெல்லாம் எச்சில், கட்டு இறுகி விரல் நீலம் பாரித்திருந்தது. டீச்சர் அலறிக்கொண்டு அவிழ்க்கப் போனாள், பதற்றத்தில் அவளால் முடியவில்லை. நான் மண்டியிட்டு இரண்டே நொடியில் அவிழ்த்தேன். பையனைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். முதல் நாற்காலி நாலு வெட்டுக்குப் பிளந்தது. ஆறாவது உடையும்போது என் உள்ளங்கை கிழிந்து கோடரிக் காம்பு வழுக்கியது. டீச்சர் மேஜைக்கு அடியில் இருந்தாள். அவள் தலைக்கு மேலே பலகையில் இரண்டு வெட்டுப் போட்டேன். அவள்மேல் போடாமல் விட்டதற்குக் காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

இங்கே வந்ததும் உள்ளங்காலில் அடித்தார்கள். நிற்க முடியவில்லை. அது கிடக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். உட்கார்ந்தால் சரிந்துவிடுகிற பிள்ளைகளுக்குப் பிடிமானமாகப் பட்டை வேண்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். கார் பெல்ட் மாதிரி. அதை நம்பித்தான் செய்தேன். நான் செய்ததை நானே உடைத்துவிட்டேன். இனிமேல் அதில் எந்தப் பிள்ளையும் உட்காராது. வாலுவிடம் சொல், மாமா உடைத்துவிட்டார் என்று.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். உனக்கு மட்டு இல்லை, அடியோடு இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே. மூன்று நாள் பொறுக்க முடியவில்லையா உன்னால்?

பதினாறாம் தேதி அதிகாரி வந்தார். வகுப்பில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. உடைந்த மரத்தை அன்றைக்கே பின்பக்கம் போட்டுக் கொளுத்திவிட்டார்களாம். “பைத்தியக்காரன் ஒருத்தன் கோடரியோட வந்து குழந்தைங்க நாற்காலியை உடைச்சிட்டான் சார், அவன் இந்தம்மாவோட தம்பிதான்” என்று தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சாம்பலை எடுத்துக்கொண்டு போய் எந்த மேஜையில் வைப்பது? அந்தப் பையன் வீட்டுக்கும் போனேன். அவன் அம்மா கதவைத் திறக்கவில்லை. “எங்களுக்கு எதுக்கும்மா வம்பு, உங்க வீட்டுல கோடரி இருக்கு” என்று உள்ளே இருந்தே சொன்னாள். நீ அவனை அவிழ்த்துவிட்டாய், சரி. அவன் கண் முன்னால் அவனுடைய டீச்சர் தலைக்கு மேல் கோடரியை வீசினாய். அன்றிலிருந்து சாக்கைப் பார்த்தாலே ஓடி ஒளிகிறானாம்.

காவலாளிக்கு முழங்கை ஒடிந்து எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார். அவர் படுத்த விரிப்பை நான்தான் துவைக்கிறேன்.

வாலுவிடம் நீ சொல்லச் சொன்னதைச் சைகையில் சொன்னேன். பார்த்துவிட்டுத் தலையணையை நாற்காலியில் வைத்து என் துப்பட்டாவால் கட்டினாள். கட்டிவிட்டு அடித்தாள். குத்தினாள், கடித்தாள், பஞ்சு வெளியே வரும்வரை. உதட்டுத் தையல் பிரிந்து மறுபடியும் ரத்தம். தடுக்கப் போன எனக்கும் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. சிரித்த முகமாகத் திரிந்த பிள்ளை, தம்பி.

இரண்டு நாளாக ஒன்று என்னை அரிக்கிறது. தினமும் கட்டுகிற டீச்சருக்கே கை தடுமாறிய பட்டையை, நீ இரண்டு நொடியில் அவிழ்த்தாயாம். அதை இறுக்குகிற பூட்டு எங்கே இருந்தது? பதினாறாம் தேதி எடுத்துப் போவார்கள் என்று நான் எழுதியது உன் கையில் இருந்ததே. ஆத்திரத்தில் உடைத்தாயா, பயத்தில் உடைத்தாயா?

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

ஜாமீன் கிடைத்துப் பட்டறைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன், மடித்து வைக்கிறேன்.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். சரிகிற பிள்ளைகளுக்கு என்று யாரும் சொல்லவில்லை. முதலில் மாதிரிக்கு ஒரு நாற்காலி செய்து கொண்டுபோய்க் காட்டினேன். பட்டையை இறுக்குகிற பக்கிள் கைப்பிடிக்கு மேலே இருந்தது. தலைமையாசிரியை பார்த்துவிட்டு, “கையை அடக்கி வைக்கத்தான் கேட்டேன். இதுங்க பல்லால அவுத்துடுமே, விவரமான பிசாசுங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், அக்கா. சிரித்துவிட்டு, “அடியில வெச்சுடறேன் டீச்சர், அங்க வாய் எட்டாது” என்றேன். அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்குகிற ஆசை.

அடியில் பக்கிள் வைத்து ஒரு படம் வரைந்து அனுப்பினேன். ‘கையைக் கட்ட இதுவே வசதி, நல்ல யோசனை, ஆறும் இப்படியே செய்யவும்’ என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் படத்தை ஆணியில் குத்தி வைப்பது என் பழக்கம்.

வாலுவின் பல் எப்படி உடைந்தது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து, பக்கிளைப் பல்லால் தேடியிருக்கிறாள். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கைப்பிடியைக் கடித்து இழுத்திருக்கிறாள்.

நம் பிள்ளை அந்த வகுப்பில் இருப்பது தெரியாதா என்று கேட்பாய். தெரியும். அவள் சமர்த்து, அவளை எதற்குக் கட்டப் போகிறார்கள், அடங்காத பிள்ளைகளுக்குத்தானே என்று நினைத்தேன். உடைத்தது ஆத்திரமா பயமா என்றால், பஸ் ஏறும்போது ஆத்திரம். ஆறாவது நாற்காலிக்கு வந்தபோது இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு நிம்மதி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாளைக் கொண்டு வந்தால் அவள் மாட்டுவாள். என் வாயாலேயே நானும் மாட்டுவேன். கொளுத்தவும் மனமில்லை, கொடுக்கவும் தைரியமில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி


ஜூலை 6

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. தாளைக் கொண்டு வா. கேட்டதற்கெல்லாம் பதில் சொல். கேட்காததையும் சொல்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அங்கே போ. வீட்டுக்கு வராதே. வீட்டில் அரிவாள்மணை இருக்கிறது, எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை முடிந்து நீ என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாய். அதில் தப்பில்லை. வக்கீலம்மா என் பின்னாலேயே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க தாள் இல்லன்னா தோத்திருப்போம்” என்றார். தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தாயா? தன் கையெழுத்தை அவளே வாசிக்க வேண்டி வந்தபோது நாக்கு புரளவில்லை. அவளையும் அந்த வகுப்பு டீச்சரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம், அவர்கள்மேல் தனி வழக்கும் வருமாம். இனி எந்தப் பள்ளியிலும் பட்டை வைத்த நாற்காலி கூடாது என்று உத்தரவு வரப்போகிறது என்றும் வக்கீலம்மா சொன்னார். காவலாளி வழக்கில் நான் ஒரு வருஷமாவது உள்ளே இருக்க வேண்டியிருக்கும். இருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றுக்கொண்டேன்.

அதிகாரி, “பக்கிளை அடியில வைக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டபோது, “நான்தான் சார், வாய் எட்டக் கூடாதுன்னு” என்று சொன்னேன் அல்லவா. சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வாலு கடைசி வரிசையில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாக வக்கீலம்மா சொன்னார். நல்லவேளை, நம் பேச்சு எதுவும் அவளுக்குக் கேட்காது.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்தப் பக்கிளைப் பற்றி மட்டும் பிள்ளையிடம் சொல்லாதே. நாற்காலியை உடைத்த மாமாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உள்ளே போவதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைப் பார்க்க அனுமதி கொடு.

உன் தம்பி


ஜூலை 27

தம்பிக்கு,

கடிதம் வந்து மூன்று நாளாகிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வாலு வேடிக்கை பார்க்கவில்லை. உன் நாற்காலிக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். நீ ஒருமுறைகூடத் திரும்பவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. அவர் சைகை மொழிபெயர்ப்பாளர். வழக்கு இந்தப் பிள்ளையைப் பற்றியது, அதில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும், அது அவளுடைய உரிமை என்று முதல் நாளே எழுதிக் கேட்டோம். பள்ளிக்காரர்கள் எதிர்த்தார்கள். “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார்கள். நான்தான் விடாமல் நின்று வாங்கினேன். வாங்கும்போது உன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொல்லவில்லை. பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டு அவளுக்காக ஒரு தடவை நான் முடிவு செய்தது போதும்.

ஆகவே அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். யார் வைக்கச் சொன்னது, நான்தான், வாய் எட்டக் கூடாதென்று. அந்தப் பெண்ணின் கை அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு சொல்லியது. வாலு அழவில்லை. நாக்கால் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டே உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து என் கையைத் தட்டிவிட்டுக் கேட்டாள். “நான் உக்காருவேன்னு மாமாவுக்குத் தெரியுமா?” நீ எழுதியதை அப்படியே சொன்னேன். நீ சமர்த்து, உன்னைக் கட்டமாட்டார்கள் என்று நினைத்தாராம், அடங்காத பிள்ளைகளுக்கு என்று நினைத்துச் செய்தாராம் என்றேன். நீ அவிழ்த்துவிட்டாயே, அந்தப் பையன் வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலி. அவனுக்கு வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கிற சைகைப் பேரைக் கையால் காட்டினாள். காட்டிவிட்டுக் கேட்டாள். “அவன் அடங்க மாட்டான். அவனைக் கட்டினா மாமாவுக்குப் பரவாயில்லையா?”

உனக்காக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அக்காவாக அது என் கடமை என்றுகூடத் தோன்றியது. மாமாவிடமே கேட்கலாம் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. வரலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது இனி நான் இல்லை, அவள்தான். உள்ளே போவதற்கு முன்னால் அவள் கேட்டதற்குப் பதில் எழுது, அவள் பேருக்கே எழுது. பெரிய எழுத்தாக எழுது, கூட்டெழுத்து அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. பொய் எழுதாதே, அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

அக்கா